கைக்கு எட்டாத செல்ஃப் மோட்டார்: அக்கா சொல்றேன், கேட்டுக்கோ

சாவியைத் திருப்பினால் 'டக்'. மறுபடி திருப்பினால் மறுபடியும் ஒரே ஒரு 'டக்'. டேஷ்போர்டு விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் கத்துகிறது, எஞ்சின் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போவதற்கு முன்னால் இதைப் படி, கண்ணு. செல்ஃப் மோட்டார் மாற்றுவதில் கழற்ற வேண்டியது இரண்டு போல்ட், ஒரு நட், ஒரு சொருகு வயர். சிரமமெல்லாம் அவை இருக்கிற இடத்தில்தான். அந்த இடத்துக்குக் கையைக் கொண்டுபோகத் தெரிந்துவிட்டால் இது வீட்டு வாசலில் செய்யக்கூடிய வேலை.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது 2002 முதல் 2006 வரை வந்த இரண்டாம் தலைமுறை ஹோண்டா சிஆர்-வி. பழைய வண்டியானாலும் எஞ்சின் திடமானது என்பதால் செகண்ட் ஹேண்டில் வாங்கி ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு. அதன் கே சீரிஸ் எஞ்சினில் சைலன்சர் பக்கம் பின்னால், காற்று உள்ளே போகிற இன்டேக் மேனிஃபோல்டு முன்னால். அந்த மேனிஃபோல்டுக்கு அடியில், ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில், கியர் பாக்ஸை ஒட்டி மோட்டார் ஒளிந்திருக்கும். பானட்டைத் திறந்து மேலேயிருந்து பார்த்தால் மேனிஃபோல்டின் குழாய்கள்தான் தெரியும். உன் வண்டி வேறாக இருந்தாலும், எஞ்சினைக் குறுக்கு வாட்டில் வைத்த பல கார்களில் கதை ஏறக்குறைய இதுதான்.

இதைவிட மோசமான இடங்களும் உண்டு. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டர் முதலில் வந்தது 1912ஆம் ஆண்டு மாடல் கேடிலாக்கில். அதற்கு முன் வண்டிக்கு முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். பெண்கள் தனியாகக் கார் எடுத்துக்கொண்டு கிளம்பியதற்கு இந்த மோட்டார் ஒரு முக்கியமான காரணம். அதே கேடிலாக், 1990களில் வந்த நார்த்ஸ்டார் வி8 எஞ்சினில் மோட்டாரை இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே, மேனிஃபோல்டின் அடியில் கொண்டுபோய் வைத்தது. டொயோட்டாவின் 4.7 லிட்டர் வி8 லேண்ட் க்ரூசரிலும் அப்படித்தான். அவற்றில் மேனிஃபோல்டை முழுக்கக் கழற்றாமல் மோட்டாரைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. உன் வண்டி அந்த வகை என்றால் முதல் தடவையே தனியாக இறங்காதே. பழகினவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

முதலில் மோட்டார்தான் குற்றவாளியா என்று பார்

நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். வண்டிக்கு அடியில் படுத்து, முதுகு வலிக்க மோட்டாரைக் கழற்றி, புதுசு வாங்கி மாட்டி, பிறகு பழையபடி 'டக்' என்று கேட்டால் அந்த வயிற்றெரிச்சலுக்கு மருந்தே கிடையாது. முதல் அரைமணி நேரத்தைச் சோதனைக்குக் கொடு.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பு. வெளிச்சம் சட்டென்று மங்கி அணையப் போனால் பேட்டரியில் உயிர் இல்லை, அல்லது டெர்மினல் பூத்துப் போய் கரண்ட் கடக்கவில்லை. மோட்டாரே இறுகிப் போயிருந்தாலும் மங்கும், ஆனால் முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான் விழ வேண்டும். வெளிச்சம் அப்படியே நிற்க, 'டக்' சத்தம் மட்டும் வந்தால் மோட்டாருக்குள் கரண்ட் ஓடவில்லை என்று அர்த்தம். இதில் சந்தேகம் மோட்டார் மேல் பலமாகவே விழுகிறது. 'டக்' கூட இல்லையென்றால் மோட்டாரை விட்டுவிட்டு ஃப்யூஸ், ரிலே, சாவி சுவிட்ச் பக்கம் போ. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியரை 'பி'யிலிருந்து 'என்'னுக்குத் தள்ளி ஒருமுறை முயன்று பார். அதில் ஸ்டார்ட் ஆனால் கோளாறு கியர் சுவிட்சில். கிளட்ச் வண்டியில் பெடலுக்கு மேலே உள்ள சுவிட்சைப் பார்க்க வேண்டும்.

மல்ட்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள். சும்மா நிற்கிற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, முதலில் சார்ஜ் போடு. யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லி அந்த நேரத்தில் பேட்டரியைப் பார். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் மோட்டாரைத் தொடாதே, பேட்டரியைக் கவனி. 12க்கு மேலேயே நின்று, எஞ்சின் அசையாமல் இருந்தால் அடுத்த கட்டம்: மோட்டாரில் சொருகியிருக்கிற சின்ன வயரில், சாவியைத் திருப்பும்போது ஏறக்குறைய பேட்டரி அளவு வோல்ட் வருகிறதா? வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால், அதைக் கழற்றும் முன் எர்த்தையும் பார்த்துவிட வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும், இன்னொன்றை எஞ்சின் உடம்பில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து, சாவியைத் திருப்பச் சொல். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் கெட்டிருக்கிறது. அதைச் சுத்தம் செய்து இறுக்கினாலே பல வண்டிகள் உயிர் பெற்றுவிடும்.

மோட்டாருக்கு மேலே உருளையாக ஒட்டியிருக்கிற சாலினாய்டு இரண்டு வேலை செய்கிறது. சின்னப் பல் சக்கரத்தை முன்னால் தள்ளி எஞ்சினின் ஃப்ளைவீல் பல்லோடு கோர்க்கும். அதே நேரத்தில் உள்ளே இருக்கிற கனமான செம்புத் தகடுகளைச் சேர்த்து வைத்து, நூறு ஆம்பியருக்கு மேல் கரண்டை மோட்டாருக்குள் விடும். நீ கேட்கிற 'டக்' அந்தத் தள்ளலின் சத்தம். செம்புத் தகடு கருகிக் குழி விழுந்திருந்தால் தள்ளல் நடக்கும், கரண்ட் போகாது. கார்பன் பிரஷ் தேய்ந்து கட்டையாகிப் போனாலும் இதே நிலைதான். ஒரு நீளக் கம்பியால் மோட்டாரின் உடம்பில் லேசாகத் தட்டியதும் ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிறதா? அப்படியானால் வீடு வந்து சேர அது உதவும். பழுது மோட்டாரில்தான் என்பதும் உறுதியாகிவிடும். 'விர்ர்' என்று சுற்றுகிறது, எஞ்சின் சுற்றவில்லை என்றால் அந்தச் சின்னப் பல் சக்கரத்தோடு இருக்கிற பெண்டிக்ஸ் போய்விட்டது. அதற்கும் மோட்டார் வெளியே வந்தே ஆக வேண்டும்.

வளையலைக் கழற்றி வை

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதே. மோட்டாருக்கு வருகிற தடி ஒயர் பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக வருகிறது. சாவி கையில் இருந்தாலும், வண்டி ஆஃபில் இருந்தாலும் அதில் எப்போதும் கரண்ட் உண்டு. ஸ்பேனரின் ஒரு முனை அந்த நட்டிலும் மறுமுனை எஞ்சின் உடம்பிலும் பட்டால் வெல்டிங் அடிப்பது மாதிரி பொறி பறக்கும். அந்த இடைவெளியில் உன் மோதிரமோ வளையலோ மாட்டினால் உலோகம் நொடியில் பழுத்து, தோலோடு ஒட்டிக்கொள்ளும். மோதிரம், வளையல், வாட்ச், தாலிக்கொடி, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குள் வை. தாலியைக் கழற்ற மனசு வரவில்லை என்றால் சட்டைக்குள் போட்டு, மேலே இறுக்கமான டி-ஷர்ட் ஒன்றை மாட்டிக்கொள். துப்பட்டா வேண்டாம், முடியைக் கொண்டையாக முடிந்துகொள்.

பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்று. முதலில் நெகட்டிவ் என்பதில் மாற்றமே கிடையாது. பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் ஷார்ட். நெகட்டிவில் பட்டால் ஒன்றும் ஆகாது. கழற்றிய ஒயர் தானாகத் திரும்பி வந்து ஒட்டாதபடி பழைய துணியைச் சுற்றி ஒதுக்கிக் கட்டு. கழற்றுவதற்கு முன்னால் ஒன்று: இந்த ஹோண்டாக்களில் கம்பெனி ரேடியோவுக்கு ரகசிய எண் உண்டு. பேட்டரி இணைப்பு போய் வந்ததும் அந்த எண்ணைக் கேட்கும். மேனுவலோடு வருகிற அட்டையில் இருக்கும், தேடி எடுத்துவிட்டுக் கை வை.

வண்டியைத் தூக்குவது பற்றி என் பேச்சைத் தட்டாதே. மண் தரையில் தூக்காதே. சிமென்ட் தரை வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடு. ஜாக்கியால் தூக்கி, குறித்த இடத்தில் இரண்டு ஆக்சில் ஸ்டாண்டு வைத்து, வண்டியை அவற்றின் மேல் இறக்கி, கையால் பலமாக ஆட்டிப் பார். அசையாமல் நின்றால்தான் தலையை உள்ளே நீட்டலாம். செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுத்து வேலை பார்க்கிறவர்களைப் பார்த்திருப்பாய். பாரம் ஒரு ஓரத்தில் விழுந்தால் செங்கல் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். வெறும் ஜாக்கியை நம்பியும் அடியில் போகாதே. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். காலை வேளை நல்லது. வீட்டில் ஒருவருக்கு நீ அடியில் இருப்பது தெரிந்திருக்கட்டும்.

மேலேயா, கீழேயா

மேனிஃபோல்டைக் கழற்றி மேலேயிருந்து எடுப்பது ஒரு வழி. இடம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் கேஸ்கெட் புதிதாக வேண்டும், வேக்யூம் ஹோஸ் ஒவ்வொன்றுக்கும் அடையாளம் கட்ட வேண்டும், த்ராட்டில் பாடிக்குப் போகிற ஹோஸில் கூலன்ட் ஒழுகும், எஞ்சினின் திறந்த துவாரங்களில் ஒரு நட்டோ வாஷரோ விழுந்துவிட்டால் எஞ்சினையே திறக்க வேண்டி வரும். அதனால் என் ஓட்டு கீழ் வழிக்கு. மேனிஃபோல்டை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, அதைக் கீழேயிருந்து தாங்குகிற இரும்புத் தாங்கியை மட்டும் கழற்றினால் கை நுழைய வழி பிறக்கிறது. பெரிய கை உள்ள ஆண்கள் முழங்கையைத் தேய்த்துக்கொள்கிற இடத்தில் நம் கை எளிதாகப் போய்வரும். இந்த வேலையில் சின்னக் கை ஒரு வரம்.

முதல் நாள் இரவே போல்ட்டுகளுக்கு டபிள்யூடி-40 அடித்து ஊற விடு. தூத்துக்குடி, நாகை, சென்னைக் கடலோரம் ஓடுகிற வண்டி என்றால் இது கட்டாயம். உப்புக்காற்றில் இரும்பு போல்ட்டும் அலுமினிய கியர் பாக்ஸும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டின் கிளிப்புகளைக் கழற்றினால் மோட்டாரின் அடிப்பாகம் தெரியும். கழற்றுவதற்கு முன் போனை உள்ளே நீட்டி நாலு பக்கமும் வீடியோ எடு. கண் போகாத இடத்துக்குப் போன் போகும். எந்த ஒயர் எந்தக் கிளிப்பில் இருந்தது என்பதற்கும் அதுவே சாட்சி. கழற்றுகிற போல்ட்டுகளைப் போட்டுவைக்க, வீட்டில் ஒதுக்கிவிட்ட பழைய இட்லித் தட்டைப் போல வசதி எதிலும் கிடையாது. ஒவ்வொரு குழியிலும் ஒரு இடத்தின் போல்ட், கழற்றிய வரிசையில். மறுபடி சமையலுக்கு அந்தத் தட்டு வரக்கூடாது.

சின்ன வயரின் பூட்டை நகத்தால் அழுத்தி நேராக இழு. தடி ஒயரின் ரப்பர் மூடியை விலக்கினால் 12ஆம் நம்பர் நட். அதைக் கழற்றி ஒயரை ஒதுக்கு. இனி மோட்டாரைப் பிடித்திருக்கிற இரண்டு போல்ட். ஒன்று 17, ஒன்று 14. இவற்றில் மேல் போல்ட்தான் எல்லோருடைய பொறுமையையும் சோதிக்கிறது.

அதை எடுப்பதற்கு மூன்று சாமான்கள் வேண்டும்: ஆறு முனை சாக்கெட், ஒரு அடி நீள எக்ஸ்டென்ஷன், நடுவில் வளைந்து கொடுக்கிற யுனிவர்சல் ஜாயின்ட். பன்னிரண்டு முனை சாக்கெட்டைப் போடாதே, தலை மழுங்கிவிடும். முதலில் விரலால் தடவிப் போல்ட்டின் தலையைக் கண்டுபிடி. இடது கை விரலால் சாக்கெட்டை அதன் மேல் அமர்த்தி, அது அடிவரை உட்கார்ந்ததைத் தொட்டு உறுதி செய்த பிறகுதான் வலது கையால் ராட்செட்டைத் தொட வேண்டும். பாதி உட்கார்ந்த சாக்கெட்டில் பலத்தைக் காட்டினால் தலை உருண்டுவிடும். அப்புறம் மேனிஃபோல்டைக் கழற்றுவதைத் தவிர வேறு வழி இருக்காது. வெடுக்கென்று இழுக்காமல் சீராகப் பலம் கொடு. 'கிர்ர்க்' என்று ஒரு சத்தத்தோடு இளகும். அப்போது பிடி சட்டென்று விடுபடும் என்பதால் விரல் மடிப்பு எதில் போய் இடிக்கும் என்று முன்பே பார்த்துக்கொள். கையுறை போட்டுக்கொண்டே செய்.

கடைசிப் போல்ட் கழலும் முன் ஒரு கையை மோட்டாரின் அடியில் கொடு. மூன்று நான்கு கிலோ எடை இருக்கும், நீ நேர் கீழே படுத்திருப்பாய். முகத்தை ஒருபக்கம் விலக்கிக்கொள், கண்ணாடி போட்டுக்கொள். நேராக வெளியே வராது. மூக்கைக் கியர் பாக்ஸிலிருந்து உருவி, உடம்பைச் சற்று உருட்டி, எந்தக் கோணத்தில் வழி கிடைக்கிறதோ அதில் இறக்கு. எந்தக் கோணத்தில் வந்ததோ அந்தக் கோணத்தில்தான் புதுசு உள்ளே போகும், நினைவில் வை.

பழசையும் புதுசையும் பக்கத்தில் வை

கடைக்காரர் "இதேதான் மேடம்" என்று சொன்னாலும் பழைய மோட்டாரைக் கையோடு கொண்டுபோ. பல் எண்ணிக்கை, போல்ட் ஓட்டைகளின் அளவும் இடைவெளியும், சின்ன வயர் சொருகுகிற இடத்தின் திசை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஆட்டோமேட்டிக்குக்கும் கிளட்ச் வண்டிக்கும் மோட்டார் வேறுபடலாம், அதையும் சொல்லிக் கேள்.

புதுசே வாங்க வேண்டும் என்பதும் இல்லை. ஊருக்கு ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். மோட்டார் தயாரிக்கிற லூகாஸ் டிவிஎஸ் நிறுவனமே 1961இல் சென்னையில் தொடங்கி, பாடியில் தொழிற்சாலை வைத்திருக்கிறது. இந்தக் கைவேலை தெரிந்தவர்களுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. கார்பன் பிரஷ், புஷ், செம்புத் தகடு மட்டும் தேய்ந்திருந்தால் மாற்றிக் கொடுத்துவிடுவார், செலவு புது மோட்டாரின் விலையில் சிறு பங்குதான். ஆர்மேச்சர் கருகியிருந்தால் மட்டும் புதுசுக்குப் போ. சென்னையில் இருந்தால் புது சாமானுக்கு ஜி.பி. ரோடு, பழைய வண்டியிலிருந்து கழற்றியதற்குப் புதுப்பேட்டை. பழையது வாங்கினால் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்.

புதுசோ ரிப்பேர் செய்ததோ, வண்டியில் மாட்டும் முன் தரையிலேயே ஓட்டிப் பார். மோட்டாரை வைஸில் பிடித்து வை, அல்லது ஷூ போட்ட காலால் பலமாக மிதித்துக்கொள். ஜம்பர் கேபிளில் கறுப்பு மோட்டார் உடம்புக்கு, சிவப்பு பெரிய டெர்மினலுக்கு. சின்ன ஒயர் ஒன்றால் பெரிய டெர்மினலிலிருந்து சின்ன முனையைத் தொடு. பல் சக்கரம் வெளியே துள்ளிச் சுற்ற வேண்டும். உதறல் பலமாக இருக்கும், மூன்று நான்கு விநாடி போதும். இதைச் செய்யாமல் மாட்டிவிட்டு, மறுபடி அதே மேல் போல்ட்டோடு மல்லுக்கட்டுவது வேண்டாத வேலை.

மாட்டும்போது

மோட்டார் போய் உட்கார்கிற கியர் பாக்ஸ் முகத்தைக் கம்பி பிரஷால் தேய்த்துத் துணியால் துடை. மோட்டாருக்கு எர்த் கிடைப்பதே அந்த முகத்தின் வழியாகத்தான். அழுக்கும் எண்ணெயும் இருந்தால் புது மோட்டாரும் பழசு மாதிரியே நடந்துகொள்ளும். அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து ஃப்ளைவீல் பல்லையும் பார்த்துவிடு. பல் தேய்ந்திருந்தால் அது வேறு பெரிய வேலை, இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மேல் போல்ட்டைக் குருடாக ஏற்ற ஒரு வழி: சாக்கெட்டுக்குள் சிறு துண்டுக் காகிதத்தை வைத்துப் போல்ட் தலையை அழுத்தினால் விழாமல் பிடித்துக்கொள்ளும். ராட்செட் இல்லாமல் எக்ஸ்டென்ஷனை விரலாலேயே சுற்று. நாலைந்து சுற்று விரல் பலத்தில் லகுவாகப் போக வேண்டும். முரண்டு பிடித்தால் உடனே வெளியே எடுத்து மறுபடி நேராக வை. கியர் பாக்ஸ் அலுமினியம். அங்கே மரை கெட்டால் லேத் வேலை வரைக்கும் போகும். இரண்டு போல்ட்டும் விரலால் ஏறிய பிறகு, டார்க் ரெஞ்ச் இருந்தால் பெரியதற்கு 64, சின்னதற்கு 44 நியூட்டன் மீட்டர். தடி ஒயர் நட்டுக்கு வெறும் 9. அதைப் பலம் காட்டி இறுக்கினால் சாலினாய்டின் பிளாஸ்டிக் மூடி விரிசல் விடும். ஒயர் முனை எஞ்சினில் உரசாத திசையில் இருக்கிறதா என்று பார்த்து ரப்பர் மூடியைத் திரும்பப் போடு. மேனிஃபோல்டின் தாங்கியை மறந்துவிடாதே, அது இல்லாமலும் வண்டி ஓடும் என்பதால் மறப்பது சுலபம்.

இட்லித் தட்டு காலியா? அப்படியானால் வண்டியை இறக்கி, கடைசியாக நெகட்டிவை மாட்டு. ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரைச் சீராக மிதித்து 3,000 ஆர்பிஎம்மில் வை. ஏசி, லைட் எதுவும் வேண்டாம். ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்ததும் காலை எடுத்துவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா ஓட விடு. பேட்டரி கழற்றியதில் மறந்துபோன ஐட்லிங்கை எஞ்சின் கம்ப்யூட்டர் திரும்பக் கற்றுக்கொள்ளும். ரேடியோவின் எண்ணைப் போடு, கண்ணாடி ஜன்னலின் ஆட்டோ வேலை செய்கிறதா என்று பார். அன்றைக்கே ஒரு சுற்று ஓட்டி, எஞ்சின் நன்றாகச் சூடானபின் அணைத்து உடனே மறுபடி ஸ்டார்ட் செய். சூட்டிலும் ஒரே திருப்பில் எடுத்தால் கையைக் கழுவப் போகலாம். தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, கொஞ்சம் சர்க்கரை போட்டுத் தேய்த்தால் நகக்கண் கறுப்பும் போய்விடும்.